ஹாஸ்பைஸ் செலவு: எது யார் தலையில் விழுகிறது

குணப்படுத்தும் சிகிச்சையால் இனிப் பயனில்லை, வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்று மருத்துவர் சொன்ன பிறகு, குடும்பம் ஹாஸ்பைஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறது. முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு ஒரே தொகையைப் பதிலாகச் சொல்லும் நிறுவனம் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். செலவு ஒரே பில்லாக வருவதில்லை. டாக்டர், நர்ஸ், மருந்து ஒரு பக்கம். கட்டில், காற்று மெத்தை, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், டயப்பர், யூரின் பை என்று பொருட்கள் இன்னொரு பக்கம். நோயாளி வீட்டில் இல்லை என்றால் தங்கும் இடத்துக்கு வாடகையும் சாப்பாடும். கடைசியாக, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள்.

இவற்றில் முதல் இரண்டையும் பல நாடுகளில் அரசோ, காப்பீடோ, அறக்கட்டளையோ ஏற்றுக்கொள்கின்றன. பின்னவை இரண்டும்தான் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. பணத்துக்கு வழி தேடுவதற்கு முன் இந்தப் பிரிவினையை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மருந்துதான் பெரிய செலவாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வலிக்கு ஆதாரமான மருந்து வாய்வழி மார்ஃபின். காப்புரிமை இல்லாத, பழைய, மலிவான மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. உகாண்டாவில் மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் அடைத்து நோயாளிகளுக்கு இலவசமாகவே தருகிறார்கள். வலியையும் அவஸ்தையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வரும்: குறைந்த வருமான நாடுகளில் கடும் வலியோடு இருக்கும் 15 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வலிமருந்து கொடுக்க ஆண்டுக்கு வெறும் 10 லட்சம் டாலர் போதும். பிறகு ஏன் கிடைக்கவில்லை என்றால், காரணம் விலையைவிடச் சட்டமும் உரிமமும் பயமும்தான். இந்தியாவில் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்ளப் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்த நிலையை மாற்றவே 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. பக்கத்தில் கிடைக்காத மருந்துக்காகக் குடும்பம் செலவழிப்பது மாத்திரைக்கு அல்ல, பயணத்துக்கு.

உண்மையில் பணத்தை உறிஞ்சுவது ஆள் செலவு. ஹாஸ்பைஸ் குழு வீட்டுக்கு வருகிறது என்றால் நர்ஸ் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. வாரத்துக்குச் சில முறை வருவார், ஒரு மணி நேரம் போல இருப்பார், புண்ணைப் பார்ப்பார், மருந்தின் அளவை மாற்றுவார், எப்போது வேண்டுமானாலும் கூப்பிட ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவார். மீதி நேரம் எல்லாம் வீட்டாருடையது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கனமான உடம்பு என்றால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ராத்திரியும் அதே கதைதான். வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமே உள்ள வீட்டில் பகல் ஷிப்டுக்கு ஒருவர், இரவு ஷிப்டுக்கு ஒருவர் என்று உதவியாளர் வைத்தால், சில வாரங்களிலேயே மற்ற எல்லாச் செலவையும் அது தாண்டிவிடும். ஆள் வைக்காமல் மகளோ மருமகளோ வேலையை விட்டால் செலவு இல்லை என்று குடும்பம் சொல்லும். அந்தச் சம்பளம் நின்றுபோனது எந்தப் பில்லிலும் வராது, அவ்வளவுதான்.

இன்னொரு பெரிய செலவு ஹாஸ்பைஸுக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும். கடைசி வாரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செலவைச் சொல்கிறேன். இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணி. மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் கரகரவென்று சத்தம். வீட்டில் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள். அவசரப் பிரிவில் நோயாளியின் கதை தெரியாத ஒரு இளம் மருத்துவர், அவருடைய கடமைப்படி, குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கிறார். அதற்கப்புறம் எடுப்பதா வேண்டாமா என்று குடும்பம் நாட்கணக்கில் தவிக்கிறது. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே இரவு, அதே மூச்சுத்திணறல், ஆனால் கையில் ஹாஸ்பைஸ் நர்ஸின் எண்ணும், இப்படி நேர்ந்தால் கொடுக்க வேண்டிய மருந்து முன்கூட்டியே எழுதி வாங்கி அலமாரியிலும் இருந்தால், போனில் அளவைக் கேட்டுக் கொடுத்துவிட்டுத் தலையணையை உயர்த்தி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே, ஹாஸ்பைஸ் செலவைச் சமாளிக்கும் முதல் வழி சீக்கிரம் போவதுதான் என்பது என் கருத்து. காசுக்காக வைத்தியத்தைக் குறைப்பதாக யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து பாஸ்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே நோய் ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடைசிக் காலத்தில் தீவிர சிகிச்சை குறைவாகவே நடந்தது. ஆனாலும் இடைநிலைக் கணக்கில் (மீடியன்) 11.6 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். தீவிர சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று நோயாளி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பதும் இதோடு சேர்ந்ததே. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இப்படி எழுதி வைப்பதை ஏற்றுக்கொண்டது. 2023-இல் அதன் நடைமுறைகள் ஓரளவு எளிதாக்கப்பட்டன.

சரி, வெளியிலிருந்து பணம் எப்படி வருகிறது? நாட்டுக்கு நாடு வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும்.

விரிவான திட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் 1983 முதல் ஹாஸ்பைஸுக்குத் தனிப் பலன் உண்டு. நோய் அதன் போக்கில் போனால் ஆயுள் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்று இரண்டு மருத்துவர்கள் சான்று தர வேண்டும். அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையை நோயாளி விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் டாக்டர், நர்ஸ், கட்டில், ஆக்சிஜன், மருந்து, குளிப்பாட்டிவிட வரும் உதவியாளர், சமூகப் பணியாளர் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். ஒரு மருந்துச்சீட்டுக்கு அதிகபட்சம் 5 டாலர் கட்ட வேண்டியிருக்கலாம். பராமரிப்பவர் ஓய்வெடுக்க வேண்டும் என்றால் நோயாளியைத் தொடர்ந்து ஐந்து நாள் வரை வேறிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அந்தச் செலவில் 5 சதவீதம் நோயாளியுடையது.

ஆறு மாதம் என்றதும் ஏழாவது மாதம் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. முதலில் 90 நாள், மறுபடி 90 நாள், அதன் பிறகு 60 நாள் 60 நாளாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். ஒவ்வொரு முறையும் மருத்துவர் சான்று புதுப்பித்தால் போதும். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் வீட்டிலேயே ஹாஸ்பைஸ் பராமரிப்புக்கு வந்தார். இறந்தது 2024 டிசம்பர் 29 அன்று. அவருடைய மனைவி ரோசலின் அதே வீட்டில் ஹாஸ்பைஸுக்கு வந்து இரண்டே நாளில், 2023 நவம்பரில் காலமானார். ஒரே வீடு, ஒருவருக்கு இருபத்திரண்டு மாதம், இன்னொருவருக்கு இரண்டு நாள். குடும்பம் தன் கையிருப்பை எந்தக் கணக்கில் பிரித்து வைப்பது? இந்த நிச்சயமின்மைதான் செலவைத் திட்டமிடுவதில் மிகக் கடினமான பகுதி.

மெடிகேரில் பெரிய ஓட்டையும் உண்டு. தங்கும் செலவைப் பொதுவாக அது ஏற்காது. நோயாளி முதியோர் இல்லத்தில் இருந்துகொண்டு ஹாஸ்பைஸ் பலன் பெற்றால், நர்ஸ் வருவதற்கு மெடிகேர் கொடுக்கும்; அறைக்கும் சாப்பாட்டுக்கும் குடும்பம் கட்ட வேண்டும். வருமானம் மிகக் குறைவாக இருந்து, ஏழைகளுக்கான அரசு காப்பீடான மெடிகெய்டுக்குத் தகுதி இருந்தால்தான் அதற்கும் வழி. அப்புறம், ஹாஸ்பைஸ் குழுவைக் கேட்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போனால் அந்தப் பில் குடும்பத்தின் மீது விழலாம். சேரும் நாளில் கையெழுத்து வாங்கும் தாள்களில் இது எழுதியிருக்கும். அந்த நாளில் யார் படிப்பார்கள்?

குழந்தைகளுக்கு விதி கொஞ்சம் இளகியது. 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு மெடிகெய்டில் இருக்கும் 21 வயதுக்குட்பட்டவர்கள் குணப்படுத்தும் சிகிச்சையையும் ஹாஸ்பைஸையும் ஒன்றாகவே பெறலாம். பெரியவர்களுக்கும் இப்படி இருந்திருந்தால் கடைசி இரண்டு நாளில் வந்து சேர்கிற கூட்டம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரிட்டனின் வழி வேறு. நவீன ஹாஸ்பைஸின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே பெரும்பாலான ஹாஸ்பைஸ்கள் அறக்கட்டளைகளாகவே நடக்கின்றன. நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. பெரியவர்களுக்கான ஹாஸ்பைஸ்களுக்கு அரசிடமிருந்து வருவது தோராயமாக மூன்றில் ஒரு பங்கு. மீதி நன்கொடை, உயில், பழைய துணிமணி விற்கும் கடைகள் மூலம் வருகிறது. வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு வேறு உதவிகளும் உண்டு. நிலை வேகமாக மோசமானால் பராமரிப்புச் செலவை தேசிய சுகாதார சேவையே முழுமையாக ஏற்கும் விரைவு வழி ஒன்று இருக்கிறது. இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான சிறப்பு விதிப்படி உதவித்தொகையும் சீக்கிரம் கிடைக்கும். அந்த விதியில் ஆயுள் வரம்பு முன்பு ஆறு மாதமாக இருந்தது. 2022, 2023 ஆண்டுகளில் பன்னிரண்டு மாதமாக்கினார்கள். அங்கே இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு ஹாஸ்பைஸ் இலவசம் என்பது தெரிகிறது, இந்த உதவித்தொகை தெரிவதில்லை.

ஜெர்மனியில் ஹாஸ்பைஸில் தங்கும் செலவில் 95 சதவீதத்தைக் காப்பீட்டு நிதிகள் தருகின்றன. மீதி 5 சதவீதத்தை ஹாஸ்பைஸ் நன்கொடையாகத் திரட்டிக்கொள்ள வேண்டும். நோயாளிக்குப் பங்கு கிடையாது. சிங்கப்பூரில் மெடிசேவ் என்ற, அவரவர் பெயரில் உள்ள மருத்துவச் சேமிப்பிலிருந்து ஹாஸ்பைஸ் செலவுக்கு எடுக்கலாம், குடும்பத்தாரின் சேமிப்பிலிருந்தும் எடுக்கலாம்.

இந்தியாவில் தனியார் காப்பீட்டை நம்பிப் போகிறவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நிலையான விலக்குகளில் ஐந்தாம் எண்ணை எடுத்துப் பாருங்கள். சிகிச்சைக்காக இல்லாமல் முக்கியமாக ஓய்வுக்கும் பராமரிப்புக்கும் சேர்வது அதில் வரும். இறுதிக்கட்ட நோயாளிகளின் உடல், மன, சமூக, ஆன்மிகத் தேவைகளுக்கான சேவைகளும் அதிலேயே சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன. ஹாஸ்பைஸ் என்றால் என்ன என்று விளக்கச் சொன்னால் இதைவிட நன்றாக யாரும் எழுத முடியாது, எழுதியது விலக்குவதற்காக! வலி கட்டுக்கு அடங்காமல் மருத்துவமனையில் சேர்த்து ஊசி மூலம் சரிசெய்வது போன்றவை சிகிச்சைக் கணக்கில் வர வாய்ப்புண்டு. அதனால் பாலிசி கையில் இருந்தால் சேர்வதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி, காரணம் எப்படிப் பதிவாகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. பொய் எழுதச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நடந்த சிகிச்சை எழுதப்படாமல் விட்டுப்போவதும் நடக்கிறது.

ஆகவே இந்தியாவில் பாரத்தைத் தாங்குவது அறக்கட்டளைகளும் அரசின் வீட்டு வழிச் சேவைகளும்தான். மும்பையில் 1986-இல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதனும் பெங்களூரின் கருணாஷ்ரயாவும் நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் இவை முற்றிய புற்றுநோயாளிகளுக்கானவை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கும், இதயம் தளர்ந்தவருக்கும், மறதி நோய் முற்றியவருக்கும் இப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. கேரளம் இதற்கு வேறு பாதை கண்டது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய ஒரு சிறு மருத்துவமனைச் சேவை, பத்தாண்டுக்குள் அக்கம்பக்கத்தார் கூடி நடத்தும் வலைப்பின்னலாக வளர்ந்தது. தன்னார்வலர்கள் சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டி, வண்டி பிடித்து, நர்ஸைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். 2008-இல் மாநில அரசு இதற்கென்று கொள்கையே அறிவித்தது; உள்ளாட்சிகள் தங்கள் நிதியிலிருந்து வீட்டுச் சேவை நடத்துகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பதோடு படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் சேவையும் சேர்ந்தது. மாத்திரைத் திட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

வெளி உதவி எட்டாத இடத்தில் சொந்தப் பணம்தான். இங்கே பலர் மறக்கும் ஒன்று நோயாளியின் ஆயுள் காப்பீடு. சில பாலிசிகளில் இறுதிக்கட்ட நோய் என்று மருத்துவர் சான்று கொடுத்தால், இறந்த பின் வரவேண்டிய தொகையில் ஒரு பகுதியையோ முழுவதையோ இப்போதே வாங்கிக்கொள்ளும் பிரிவு இருக்கும். எடுத்தால் பின்னால் வாரிசுகளுக்கு அந்த அளவு குறையும், அது உண்மை. ஆனால் யாருக்காகப் பிரீமியம் கட்டினாரோ அவர்கள் இப்போது கடன் வாங்கிக்கொண்டிருக்கும்போது பணம் அங்கே தூங்குவதில் என்ன பயன்? ஆஸ்திரேலியாவில் ஓய்வூதிய நிதிக்கும் இதே போன்ற வழி உண்டு: ஆயுள் 24 மாதத்துக்குள் என்று இரண்டு மருத்துவர்கள் சான்று தந்தால் வயது வரம்பில்லாமல், வரியில்லாமல் எடுக்கலாம்.

ஆள் செலவுக்கு நேரடியாக மருந்து போடும் நாடுகள் குறைவு. கனடாவில் இறக்கும் தறுவாயில் உள்ளவரைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுப்பவருக்கு வேலைக் காப்பீட்டிலிருந்து 26 வாரம் வரை பணம் வரும், பொதுவாகச் சம்பளத்தில் 55 சதவீதம், ஒரு உச்சவரம்புக்குள். சுவீடனில் ஒரு நோயாளிக்கு 100 நாள். அதைக் குடும்பத்தார் பங்கிட்டுக்கொள்ளலாம். சொந்தக்காரர்தான் என்றில்லை, நெருங்கிய நண்பரும் எடுக்கலாம். மற்ற பல இடங்களில் அலுவலகத்தின் தயவுதான்.

அடுத்தது, பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலை. அப்பாவின் கணக்கில் தேவையான தொகை இருக்கும். அப்பா மயக்கத்தில் இருப்பார். ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் யாருக்கும் தெரியாது. நாமினியாகப் பெயர் இருப்பவருக்கு இப்போது எந்த உரிமையும் கிடையாது, இறப்புக்குப் பிறகுதான். சாதாரண அதிகாரப் பத்திரம் கொடுத்தவருக்குச் சுயநினைவு போனால் பல சட்டங்களில் அதுவும் செல்லாமல் போகிறது. அதற்காகவே பிரிட்டனில் நினைவு போன பிறகும் நீடிக்கும் தனி வகைப் பத்திரம் வைத்திருக்கிறார்கள். அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கணக்கைக் கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மாற்றிவிட்டால் இந்த அவஸ்தை இல்லை. "இப்போதே சொத்துக்கு அலைகிறான்" என்று பேச்சு வருமே என்று தயங்குவார்கள். அந்தப் பேச்சைத் தாங்குவது கந்து வட்டிக்கு வாங்குவதைவிட எளிது.

உடன்பிறப்புகளுக்கிடையே சண்டை வருவதும் இங்கேதான். வெளியூரில் இருக்கும் அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்; பக்கத்தில் இருக்கும் தங்கை டயப்பர் மாற்றுகிறாள். அண்ணன் அனுப்பியதற்கு வங்கியில் பதிவு இருக்கிறது, தங்கை விழித்த ராத்திரிகளுக்கு இல்லை. தங்கையின் வேலையைச் செய்ய ஒரு உதவியாளரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்பேன். யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதற்காக இல்லை. பிற்பாடு சொத்தைப் பிரிக்க உட்காரும்போது செலவு செய்தது அண்ணன் மட்டும்தான் என்ற பேச்சு வராமலிருக்க.

ஹாஸ்பைஸில் சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ராத்திரி போன் செய்தால் எடுப்பது யார், நேரில் வருவார்களா. கட்டிலும் ஆக்சிஜனும் கட்டணத்துக்குள் அடங்குமா, வாடகையா. நோயோடு தொடர்பில்லாத மாத்திரைகளுக்கு யார் கொடுப்பது. வீட்டில் முடியாமல் போனால் படுக்கை உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா. நினைத்ததைவிட அதிக நாள் நீடித்தால் என்ன செய்வார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஹாஸ்பைஸ்காரர்களுக்குக் கூச்சமில்லை, அவர்கள் தினமும் எதிர்கொள்ளும் கேள்விதான் இது. சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருந்தால் எல்லாவற்றையும் அவரிடமே கொட்டிவிடலாம். எந்தத் திட்டத்துக்கு எந்தச் சான்றிதழ் என்பது டாக்டரைவிட அவருக்குத்தான் அத்துப்படி.

இறந்த பிறகும் சில கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும். வாடகைக்கு எடுத்த கட்டிலுக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை வாடகை ஏறும். ஈமக் காரியங்களின் நடுவே யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே வெளி உறவினர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடலாம். மிஞ்சிய மார்ஃபினை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அடுத்தவருக்குத் தரவும் கூடாது. ஹாஸ்பைஸ் நர்ஸிடம் கேட்டால் அழிக்கும் முறையைச் சொல்வார். பிரிக்காத டயப்பர் பொட்டலங்களையும் காற்று மெத்தையையும் பல அறக்கட்டளைகள் வாங்கிக்கொள்ளும். இறப்புச் சான்றிதழில் சான்றொப்பமிட்ட பிரதிகளைத் தேவைக்கு மேலேயே வாங்கி வையுங்கள். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று ஒவ்வோரிடமும் ஒன்று கேட்கும், காப்பீட்டு நிறுவனம் உரிமைகோரலுக்குத் தேதிக் கெடுவும் வைத்திருக்கும்.